நீல ஒளியில் ஒரு குடுமிப்பிடிச் சண்டை

கடைகடையாக ஏறி இறங்கி, சேல்ஸ்மேனை நூறு கேள்வி கேட்டு, வீட்டில் பாதி விலையும் ஆபீஸில் முழு விலையும் சொல்லி, ஆசையாக ஒரு சாமான் வாங்குகிறீர்கள். சரியாக மூன்றாம் மாதம் அதைத் தயாரித்த கம்பெனியின் தலைவரே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, 'இனிமேல் இதைத் தயாரிப்பதாக இல்லை' என்று அறிவிக்கிறார். எப்படி இருக்கும்?

2008 பிப்ரவரி 19-ம் தேதி, உலகத்தில் சுமார் 10 லட்சம் பேருக்கு அப்படித்தான் இருந்தது. டோக்கியோவில் தோஷிபா கம்பெனித் தலைவர் அட்சுடோஷி நிஷிடா மைக் முன்னால் உட்கார்ந்து, எச்.டி. டி.வி.டி. என்கிற தங்கள் செல்லப்பிள்ளைக்குக் காரியம் பண்ணிவிட்டார். பிள்ளைக்கு இரண்டு வயசுகூட நிரம்பவில்லை.

ஜெயித்தவர் பெயர் ப்ளூ-ரே. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். சினிமாவை வீட்டு டி.வி.யில் பளிச்சென்று, துல்லியமாகக் காட்டுவது. ஒரே படத்தை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் எது எதுவென்று பெட்டியைப் பார்க்காமல் சொல்வது கஷ்டம். பின்னே ஏன் ஒன்று செத்தது, இன்னொன்று பிழைத்தது? பழைய கதைதான். ஆனால் அடுத்த போனஸில் ஒரு பெரிய டி.வி. வாங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு உபயோகமான பழைய கதை.

முதலில் கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

சி.டி., டி.வி.டி. எல்லாவற்றிலுமே சமாச்சாரம் நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கிறது. அதை லேசர் ஒளி தடவிப் படிக்கிறது. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதன் முனையைக் கூர்மையாகக் குவிக்கலாம். பள்ளங்களைப் பொடிசாக்கி நெருக்கி அடிக்கலாம். பெயின்ட் பிரஷ்ஷால் அரிசியில் பேர் எழுத முடியுமா? அதற்கு ஊசி வேண்டும் இல்லையா, அதே கதைதான்.

சி.டி.க்குக் கண்ணுக்குத் தெரியாத 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு. இதில் ஓர் அடுக்குக்கு 4.7 கிகாபைட்தான் அடங்கும். நம் ஊர் டி.வி.டி.யின் படம் 720-க்கு 576 புள்ளி. அதாவது நாலு லட்சத்துச் சொச்சம். எச்.டி. படம் 1920-க்கு 1080. கணக்குப் போட்டால் சரியாக அஞ்சு மடங்கு. இதை ஒரு டிஸ்க்கில் திணிக்கவேண்டுமானால் சிவப்பு போதாது, நீலம் வேண்டும். 405 நானோமீட்டர். (நீலம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்த வாசகர்கள் மன்னிக்கவும். இது முழுக்க முழுக்கக் குடும்பச் சமாச்சாரம்.)

குறைக்கடத்தியிலிருந்து பிரகாசமான நீல ஒளியை வரவழைப்பதற்குள் விஞ்ஞானிகளுக்கு நுரை தள்ளிவிட்டது. கடைசியில் ஜப்பானில் நிச்சியா என்கிற, அவ்வளவாகப் பேர் தெரியாத கம்பெனியில் ஷுஜி நகமுரா என்பவர் 1993-ல் பளிச்சென்ற நீல விளக்கைச் சாதித்துக் காட்டினார். அடுத்த சில வருஷங்களில் லேசரும் வந்தது. விளக்குக்காகக் கம்பெனி அவருக்குக் கொடுத்த சன்மானம் 20,000 யென். மனுஷன் கோர்ட்டுக்குப் போய், 2005-ல் 84 கோடி யென்னுக்கு ராஜியானார். 2014-ல் வேறு இரண்டு பேரோடு நோபல் பரிசும் வாங்கினார். இன்க்ரிமென்ட் போதவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இவர் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளவும்.

ஆக, லேசர் இரண்டு கட்சிக்கும் ஒன்று. படத்தைச் சுருக்கும் முறைகளும் ஒன்றுதான். அப்புறம் எதில் தகராறு?

அரை மில்லிமீட்டரில்!

எச்.டி. டி.வி.டி.யில் பள்ளங்கள் இருக்கும் தளம், பழைய டி.வி.டி.யைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில். ப்ளூ-ரேயில் மேல்தோலிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டரில். லென்ஸ் கிட்டே போனால் இன்னும் கூர்மையாகக் குவிக்கலாம். அதனால் ப்ளூ-ரேயில் அடுக்குக்கு 25 கிகாபைட். எச்.டி. டி.வி.டி.யில் 15. 'பார்த்தாயா, எங்களுடையது பெரிசு' என்றது ஸோனி தரப்பு. 'இருக்கலாம். ஆனால் எங்களுடையதைப் பழைய டி.வி.டி. ஃபாக்டரியிலேயே சின்ன மாற்றத்தோடு அடிக்கலாம், செலவு கம்மி' என்றது தோஷிபா தரப்பு. இரண்டும் நிஜம்.

தோலுக்கு அடியிலேயே தகவல் இருந்தால் சிராய்ப்புக்குப் பயம். ஜப்பானில் 2003-ல் வந்த முதல் ப்ளூ-ரே ரிக்கார்டருக்கு டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துத்தான் கொடுத்தார்கள். அப்புறம் டி.டி.கே. கம்பெனிக்காரர்கள் கெட்டியான மேல்பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்து மானத்தைக் காப்பாற்றினார்கள்.

இந்த அரை மில்லிமீட்டரைப் பேசித் தீர்த்திருக்கக் கூடாதா? இதற்கு முன்னால் தீர்த்திருக்கிறார்கள். 1995-ல் டி.வி.டி. பிறக்கும்போதும் இதே ஸோனி-பிலிப்ஸ் ஒரு பக்கம், தோஷிபா-டைம் வார்னர் இன்னொரு பக்கம். ஐ.பி.எம். உள்ளிட்ட கம்ப்யூட்டர் கம்பெனிகள் சேர்ந்து, 'இரண்டு பேரும் ஒரே டிஸ்க்கோடு வாருங்கள், இல்லாவிட்டால் இரண்டும் வேண்டாம்' என்று கண்டிஷனாகச் சொல்லிவிட்டன. பெட்டிப்பாம்பாக அடங்கி, ஒரே டி.வி.டி. வந்தது. உலகமே வாங்கியது.

அதற்கும் முந்தைய சண்டைதான் பிரசித்தம். 1975-ல் ஸோனியின் பீட்டாமாக்ஸ், 1976-ல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். ஆரம்பகால பீட்டா காஸெட்டில் ஒரு மணி நேரம்தான் பதியும். வி.எச்.எஸ்.ஸில் இரண்டு மணி. ஒரு மணி நேரத்தில் ஆங்கிலப் படமே முடியாது. இடைவேளைக்கு அப்புறமும் அஞ்சு பாட்டு வைக்கிற நம் ஆட்களை என்ன செய்வது? நம் ஊருக்கு வந்த மூன்று மணி நேர வி.எச்.எஸ். காஸெட்டில் ஒரு தமிழ்ப் படம் பாட்டு, ஃபைட், வணக்கம் எல்லாமாகச் சேர்ந்து அடங்கிவிட்டது. டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்த தலைமுறைக்கு இது தெரியும். ஸோனி 1988-ல் தானே வி.எச்.எஸ். தயாரிக்க ஆரம்பித்தது. அந்தக் காயம் ஆறவே இல்லை.

அதனால்தான் 2005-ல் மறுபடி சமரசம் பேசியபோது யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. யாருடைய டிசைன் நிலைக்கிறதோ, அவர்களுக்கு விற்கிற ஒவ்வொரு டிஸ்க்கிலும், ஒவ்வொரு பிளேயரிலும் காப்புரிமைக் காசு. பொன் முட்டையிடும் வாத்து. பேச்சு முறிந்தது.

2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபா பிளேயர் வந்தது, விலை 499 டாலர். ஜூனில் முதல் ப்ளூ-ரே பிளேயரை சாம்சங் இறக்கியது, 999 டாலர். பாதி விலையா, முழு விலையா என்றால் நாம் எதை எடுப்போம்? சந்தேகமே இல்லாமல் தோஷிபா. ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிஸ்க் அலமாரிப் பக்கம் வந்தால்தான் தலை சுற்றும்.

ஏனென்றால் சினிமாக் கம்பெனிகள் நம் ஊர்த் தேர்தல் மாதிரிக் கூட்டணி அமைத்திருந்தன. யுனிவர்சல் எச்.டி. டி.வி.டி.யில் மட்டும். ஸோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ப்ளூ-ரேயில் மட்டும். வார்னரும் பாரமௌண்டும் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தன. 2007 ஆகஸ்டில் பாரமௌண்ட் திடீரென்று ப்ளூ-ரேயைக் கைகழுவிவிட்டு, ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனோடு சேர்ந்து எச்.டி. டி.வி.டி. அணிக்குத் தாவியது. ரொக்கமும் விளம்பர உத்தரவாதமுமாக இரண்டு பேருக்கும் சேர்த்து சுமார் 15 கோடி டாலர் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இதில் ஸ்பீல்பெர்க் டைரக்ட் செய்த படங்களுக்கு மட்டும் விலக்கு! கட்சி தாவும்போதும் தனக்கென்று ஒரு தொகுதியை ஒதுக்கிக்கொள்கிற சாமர்த்தியம் எல்லா ஊரிலும் உண்டு.

வாங்குகிறவன் பாடு? 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' பார்க்க ஒரு பெட்டி, 'ஸ்பைடர்மேன்' பார்க்க இன்னொரு பெட்டி. எல்.ஜி. கம்பெனி 2007-ல் இரண்டையும் வாசிக்கும் பிளேயர் ஒன்றைப் போட்டது. விலை 1,199 டாலர். அதற்கு இரண்டு பெட்டியையும் தனித்தனியாக வாங்கிவிடலாமே என்று ஜனங்கள் நகர்ந்துவிட்டார்கள். பெரும்பாலோர் எதையுமே வாங்காமல், பழைய டி.வி.டி.யே நன்றாகத்தானே இருக்கிறது என்று பேசாமல் இருந்தார்கள். இரண்டு கம்பெனிக்கும் உண்மையான எதிரி அந்த 'பேசாமல் இருந்தவர்'தான்.

இந்த மௌனத்தை உடைக்க இரண்டு பேரும் பணத்தை இறைத்தார்கள். ஸோனி தன் ப்ளேஸ்டேஷன்-3 விளையாட்டுப் பெட்டிக்குள்ளேயே ப்ளூ-ரேயைச் சொருகி, 2006 நவம்பரில் அடக்கவிலைக்கும் கீழே விற்றது. கார் ரேஸ் ஆடுவதற்காகப் பையன் அடம்பிடித்து வாங்கின பெட்டியால், அப்பாவுக்கே தெரியாமல் அந்த வீடு ப்ளூ-ரே வீடாகிவிட்டது. 2007 முடிவதற்குள் அப்படி ஒரு கோடிப் பெட்டிகள். மைக்ரோஸாஃப்ட்டும் எச்.டி. டி.வி.டி. பக்கம் நின்றது. ஆனால் தன் எக்ஸ்பாக்ஸுக்குள் வைக்காமல், 199 டாலருக்குத் தனியாக ஒரு துணைப்பெட்டி விற்றது. இலவச இணைப்புக்கும், காசு கொடுத்து வாங்கும் மலருக்கும் உள்ள வித்தியாசம் பத்திரிகை படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தோஷிபா விலையை அடித்து நொறுக்கியது. 2007 நவம்பரில் வால்மார்ட் கடைகளில் அதன் ஒரு மாடல் 98 டாலர் 87 சென்ட்டுக்கு விற்றது. கூட்டம் அள்ளியது. 'ஆஹா, அடிமாட்டு விலை' என்று வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம் தோன்றியிருக்க வேண்டும். ஒன்றரை வருஷத்தில் 499 டாலர் சாமான் 98-க்கு வருகிறதென்றால், அது வளர்ச்சியாகவும் இருக்கலாம், கடை கட்டுகிற அவசரமாகவும் இருக்கலாம்.

இரண்டாவதுதான். 2008 ஜனவரி 4-ம் தேதி வார்னர், 'இனிமேல் எங்கள் படமெல்லாம் ப்ளூ-ரேயில் மட்டும்' என்றது. லாஸ் வேகாஸ் கண்காட்சியில் இரண்டு நாள் கழித்து நடக்கவேண்டிய எச்.டி. டி.வி.டி. அணியின் பத்திரிகையாளர் கூட்டம் ரத்து. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் என்று வரிசையாக விக்கெட். 19-ம் தேதி ஆல் அவுட். நஷ்டப்பட்டவர்களுக்கு பெஸ்ட் பை 50 டாலர் பரிசுக்கூப்பன் கொடுத்தது. கல்யாணம் நின்றுபோன வீட்டில் சாப்பாடு போட்டு அனுப்பின மாதிரி.

2009-ல் தோஷிபாவே ப்ளூ-ரே பிளேயர் தயாரித்து விற்க ஆரம்பித்தது. அது வேறு விஷயம்.

இந்தக் கதையில் எனக்குப் பட்டது இதுதான். இப்படி இரண்டு முறைகள் மோதும்போது, 'எது உசத்தி?' என்று கேட்பதில் பாதி நேரம் வீண். படத்தரத்தில் இரண்டும் ஒன்று. சில விஷயங்களில் தோற்றதுதான் வாங்குகிறவனுக்கு நல்லது. எச்.டி. டி.வி.டி.யில் தேசவாரிப் பூட்டு கிடையாது, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து, நம்மை 'சி'யில் உட்கார வைத்தது. எச்.டி. டி.வி.டி. பிளேயர் ஒவ்வொன்றிலும் இன்டர்நெட் இணைப்பு கட்டாயம். ஆரம்பத்தில் ஆயிரம் டாலர் கொடுத்து ப்ளூ-ரே வாங்கினவர்களின் பெட்டியில், பின்னால் வந்த டிஸ்க்குகளின் சில விசேஷ வசதிகள் வேலையே செய்யவில்லை. ஜெயித்த கட்சியிலும் முதல் வரிசைத் தொண்டனுக்குத்தான் அடி!

தரம்தான் தீர்மானிக்கும் என்றால் நம் ஊரில் வி.சி.டி. ஓடியிருக்கவே கூடாது. படம் மங்கல், நடுவில் எழுந்துபோய் இரண்டாவது டிஸ்க் போட வேண்டும். அமெரிக்காவில் இவர்கள் கோடிகளை இறைத்துக்கொண்டிருந்த அதே 2007-ல், இங்கே மோஸர் பேர் கம்பெனி சினிமா வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டு சி.டி. விலைக்கு ஒரிஜினல். ஜனங்கள் வாங்கினார்கள்.

ஆகவே, இது மாதிரி ஒரு கவலை உங்களுக்கு வந்தால், கடைக்காரரை விட்டுவிட்டு உங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: சரக்கு யார் கொடுப்பார்கள்? பெட்டி வெறும் பாத்திரம்தான், சாப்பாடு படம். நீங்கள் பார்க்க ஆசைப்படும் படங்களில் பாதிக்குமேல் ஒரு பக்கம் இருந்தால் அந்தப் பக்கம்.

இரண்டு: இந்தப் பெட்டியை எத்தனை பேர் செய்கிறார்கள்? எச்.டி. டி.வி.டி.யில் தோஷிபாதான் ஏறக்குறைய ஒண்டி ஆள். ப்ளூ-ரேயில் ஸோனி, பானஸோனிக், சாம்சங், பயனியர், ஷார்ப் என்று ஒரு கும்பல். ஒரே கால் வைத்த ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடிக்காதீர்கள்.

மூன்று: நாம் எடுத்த பக்கம் தோற்றால் கையில் என்ன மிஞ்சும்? 98 டாலர் தோஷிபா பிளேயர் பழைய டி.வி.டி.களை அருமையாகக் காட்டியது. அதற்காகவே வாங்கியவருக்கு நஷ்டமே இல்லை. நூறு எச்.டி. டிஸ்க்கும் சேர்த்து வாங்கி அடுக்கினவர்தான் மாட்டிக்கொண்டார்.

மூன்றுக்கும் பதில் குழப்பமாக இருந்தால் காத்திருங்கள். காத்திருப்பதற்கு வட்டி கிடையாது. 2006-ல் ஆயிரம் டாலர் விற்ற ப்ளூ-ரே பிளேயர், 2009 பண்டிகை சீஸனில் 100 டாலருக்கும் கீழே கிடைத்தது.

இன்றைக்கு டி.வி. வாங்கப் போனாலும் இதே நாடகத்தின் சின்ன பதிப்பு உண்டு. வெளிச்சமும் நிறமும் கூட்டிக் காட்டுவதற்கு டால்பி விஷன் என்று ஒரு முறை, எச்.டி.ஆர்.10 பிளஸ் என்று ஒரு முறை. எல்.ஜி.யின் உயர்ரக டி.வி.க்கள் டால்பி பக்கம், சாம்சங் பிளஸ் பக்கம். இரண்டையும் வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. சேல்ஸ்மேன் இதை வைத்தே அரைமணி நேரம் பேசுவார். மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். தோற்றால் என்ன மிஞ்சும்? இரண்டுக்கும் அடியில் சாதா எச்.டி.ஆர்.10 பொதுவாக இருக்கிறது, படம் எதிலும் ஓடாமல் போகாது. எனவே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், பட்ஜெட்டையும் ஹாலின் அளவையும் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. ப்ளூ-ரே ஜெயித்ததே, என்ன பலன்? சண்டை உச்சத்தில் இருந்த 2007 ஜனவரியில், தபாலில் டி.வி.டி. அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ், டிஸ்க்கே இல்லாமல் இன்டர்நெட்டில் படம் காட்ட ஆரம்பித்திருந்தது. பங்காளிகள் வரப்புக்கு அடித்துக்கொண்டிருந்தபோது ஆறு திசை மாறிவிட்டது. சாம்சங் 2019-ல் அமெரிக்காவில் புது ப்ளூ-ரே பிளேயர் கொண்டுவருவதை நிறுத்தியது. வீட்டில் பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை ஸோனி 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது.

இப்போது 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தினால் படம் நமக்கு. நமக்கா? 2023 டிசம்பரில் ப்ளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் மாசக் கடைசியில் மறைந்துவிடும் என்று அறிவிப்பு வந்தது. வாங்கினவர்கள் கொதித்தார்கள். அப்புறம் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டு, அறிவிப்பு வாபஸ். கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. இப்படி விற்பவர்கள், 'நீங்கள் வாங்குவது வெறும் லைசென்ஸ்' என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும்.

அந்தத் தோற்றுப்போன எச்.டி. டி.வி.டி. டிஸ்க்குகளையோ, கம்பெனி செத்தாலும் யாரும் வீடு புகுந்து எடுத்துப் போகவில்லை. பெட்டி ஓடுகிறவரை படம் ஓடும். ஆயுசுக்கும் வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் பத்துப் படங்களைக் கையில் பிடிக்கிற டிஸ்க்காக வாங்குங்கள். மற்றதையெல்லாம் வாடகைக்குப் பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அந்தப் பத்து எது என்று வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யவும். தோஷிபா-ஸோனி சண்டையெல்லாம் அதற்கு முன்னால் ஜுஜுபி.